கோலத்தில் தூங்கிய தேனீ

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்று மதுரை முழுக்கப் பேச்சாக இருந்தது. நானும் அம்மாவும் அப்போது திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியில் குடியிருந்தோம். அன்றைக்கு அங்கே நாலைந்து தெருக்கள்தான். அதைத் தாண்டினால் வயல், வயலுக்கு அப்பால் வைகை. டவுனில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். கிறிஸ்துமஸ் லீவில், ஒரு மார்கழி விடியற்காலையில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு, "இதுக்கா இம்புட்டுப் பீடிகை?" என்று நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

முதலில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. மிச்ச நேரமெல்லாம் காமிராதான் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை. மூன்று காலில் நிற்கும் மரப்பெட்டி, நடுவில் கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு தோல், முன்னால் லென்ஸ், பின்னால் படம் பதிகிற கண்ணாடித் தட்டு. துருத்தியை நன்றாக இழுத்து நீட்டினால் கடுகளவு பொருளையும் கிட்டத்தில் வைத்துப் பெரிதாகப் பிடிக்கலாம். ஊரில் எல்லாரும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்தார்கள். அண்ணனோ எதிர்வீட்டுக் கொல்லையில், பூசணிக்கொடிக்கு முன்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்.

அந்த எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "பொண்ணு பாக்க வந்த மாப்ள கணக்கா பூவையே பாத்துக்கிட்டு நிக்கிறாகளே, ஒரு பொண்ணையாச்சும் இப்படிப் பாத்திருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்று என்னிடம் சொல்வார், அண்ணன் காதில் விழும்படியாகவே. அண்ணன் துணிக்குள்ளிருந்தபடியே சிரிப்பார்.

படத்தில் பூ நன்றாகவே விழும். நரம்பு நரம்பாகத் தெரியும். தேனீதான் விழாது. கிட்டத்தில் எடுக்கும் படத்துக்கு லென்ஸை வெகுநேரம் திறந்து வைக்கவேண்டும், அதுவரைக்கும் எந்தத் தேனீ சும்மா உட்கார்ந்திருக்கும்? தட்டை மருந்தில் கழுவிப் பார்த்தால் தேனீ இருக்கவேண்டிய இடத்தில் திருநீறு தீற்றியது போல ஒரு புகை மட்டும் இருக்கும். டவுன் ஸ்டூடியோவில் இருந்த ஒரு சிநேகிதர், செத்த தேனீயைப் பூவில் கோந்து வைத்து ஒட்டிவிட்டு எடு என்று யோசனை சொன்னார். அவர் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. அந்த நாளில் செத்துப்போனவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டுப் படம் எடுப்பது ஸ்டூடியோக்காரர்களுக்கு வாடிக்கை. ஆடாமல் அசையாமல் இருப்பவர்கள் அவர்கள்தானே.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "செத்ததைப் புடிக்கிறதுக்கு எனக்கு எதுக்குப் பூவு? அது உசுரோட இருக்கணும், அசையாமயும் இருக்கணும்" என்றார். இந்த இரண்டும் ஒன்றாக நடக்கிற காரியமா என்று அம்மா கேட்டாள். நடக்கும்போது நடக்கும் என்றார்.

லென்ஸை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. கடிகாரம் கிடையாது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஒரு தடவை சொல்லவேண்டும். மூடியைக் கழற்றும்போது ஆரம்பித்து, ஆமென் வரும்போது மூடிவிடவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாதி ஜெபம் போதும். ஜெபத்தை இப்படி அளவுபடியாக்கலாமா என்று அம்மா முனகுவாள். ஆனாலும் அண்ணன் எடுக்கும்போது அவள் உதடும் கூடவே அசையும்.

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர்கள் வேண்டும் என்றார்கள். அண்ணன் போனார். போகிறதற்கு முந்தின நாள் காமிராவை என் கையில் கொடுத்தார். அதோடு ஒரே ஒரு தட்டு, அதற்குரிய வெளிச்சம் புகாத உறையில்.

"பாப்பா, இது ஒண்ணுதான் மிச்சம். யுத்தம் முடியிறவரைக்கும் கடையில தட்டு கிடைக்காது. ஒரு தேனீ தானா அசையாம உக்காந்திருந்தா மட்டும் எடு. எடுத்துட்டுக் கழுவிறாத. நான் வந்து கழுவுறேன்."

நான் வந்து கழுவுறேன் என்ற அந்த வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வருவதற்குக் கொடுத்த வாக்கு போலவே அது எனக்குப் பட்டது. முதலில் கடிதங்கள் வந்தன. அப்புறம் குறைந்தன. அந்த மார்கழிக்கு முன்னால் பல மாதமாக ஒன்றுமே இல்லை. அம்மா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அன்று விடிந்தும் விடியாத நேரம். வைகைப் பக்கமிருந்து பனி வந்து தெருவில் இறங்கியிருந்தது. எதிர்வீட்டு அக்கா எங்கள் கதவை விரல் நுனியால் தட்டினார். சாதாரணமாக அவர் தட்டினால் ஓடு அதிரும்.

"டீச்சரம்மா, சத்தம் போடாம வாங்க. உங்க அண்ணன் தேடிக்கிட்டுத் திரிஞ்ச ஈ எங்க வாசல்ல படுத்துக் கெடக்கு."

மார்கழியில் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள் அல்லவா? அக்கா இருட்டிலேயே கொல்லைக்குப் போய்ப் பூவைப் பறித்து வந்திருக்கிறார். உள்ளே ஆள் இருப்பது தெரியவில்லை. செருகிவிட்டு, மாவு ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோதுதான் கண்டிருக்கிறார்.

நானும் குனிந்து பார்த்தேன். மஞ்சள் பூவின் குழிக்குள் ஒரு தேனீ. குளிரில் விறைத்துப்போய், பூவின் நடுத்தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. முதுகு முழுக்க மகரந்தம். அதன் ரோமத்தின் மேல் பனித்துளிகள் பொடிப்பொடியாக நின்றன. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அண்ணா, நீ இங்கே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடிப்போய்க் காமிராவைத் தூக்கி வந்தேன். வந்தவள் கோலத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வாசலை அடைத்துப் போட்ட பெரிய கோலம். பூ அதன் நட்டநடுவில். காமிராவின் மூன்று காலையும் கோலத்துக்குள் ஊன்றாமல் கிட்டத்தில் போகமுடியாது. அந்த அக்காவோ, கோலத்தை மிதித்த பால்காரர் மாட்டைத் தெருக்கோடி வரை விரட்டியவர். மாட்டோடு பால்காரரையும் சேர்த்து.

"என்ன நிக்கிறீக? மிதிச்சுக்கிட்டு வாங்க."

"அக்கா, கோலம்..."

"கோலம் நாளைக்கும் போடலாம். ஈ நாளைக்கு வருமா? நல்ல பொம்பள! வாங்கன்னா."

மிதித்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. காலை ஊன்றி, துருத்தியை நீட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

துணிக்குள் உலகம் வேறு. அந்தக் காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். பூ மேலிருந்து கீழே தொங்கியது. சுற்றிலும் கோலத்தின் வெள்ளைக் கோடுகள் பனியில் கலங்கி, எங்கே முடிகின்றன என்றே தெரியாமல் பரவிக் கிடந்தன. திருகைத் திருகத் திருக, அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள்ளிருந்து தேனீ மெதுவாக வெளியே வந்தது. முதலில் ஒரு நிழல், பிறகு கால்கள், பிறகு கண். எனக்குக் குளிரவில்லை, யுத்தம் நினைவில்லை, அண்ணன் எங்கோ தூரத்தில் இருக்கிறார் என்பதும் நினைவில்லை. பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் திருகு பாப்பா" என்று சொல்கிறார் போலவே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தெரியாது.

ஜால்ரா சத்தம் என்னை எழுப்பியது. மார்கழி பஜனைக் கூட்டம் தெருமுனை திரும்பிவிட்டது. மிருதங்கம், ஜால்ரா, பத்துப் பதினைந்து தொண்டை. இதெல்லாம் பக்கத்தில் வந்தால் தேனீ இருக்குமா? துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து அக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, செத்த நில்லுங்கண்ணே. பாட்டை நிப்பாட்டுங்க. டீச்சரம்மா அண்ணன் யுத்தத்துல இருக்காக. அவுகளுக்காக ஒரு படம் புடிக்குது அந்தப் புள்ள. பெருமாளு கோவிச்சுக்கிற மாட்டாரு, நான் சொல்லிக்கிறேன்."

முன்னால் வந்த பெரியவர் என்னையும் என் காமிராவையும் பார்த்தார். நான் வேதக்காரி என்பது தெருவுக்கே தெரியும். அவர் கையை உயர்த்தினார். பாட்டு பாதி அடியில் நின்றது. ஜால்ராக்காரர் இரண்டு தட்டையும் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். அத்தனை பேரும் பனிக்குள் அசையாமல் நின்றார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

லென்ஸை மூடிவிட்டுத் தட்டைச் செருகினேன். உறையின் தகட்டை உருவினேன். லென்ஸின் மூடியைக் கழற்றிவிட்டு, மனசுக்குள் ஜெபத்தை ஆரம்பித்தேன்.

தேனீ அசையவில்லை. காற்றும் இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்தது. ஆமென். மூடியிருக்கவேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணன் போன நாளிலிருந்து ஜெபம் ஆமெனோடு முடிவதில்லை. அதற்கப்புறம் அம்மா அவர் பெயரைச் சொல்வாள், பின்னாலேயே நானும் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் என் வாய் தானாக அண்ணன் பெயரைச் சொன்னது. கை மூடியை மறந்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேனீயின் இறகு நடுங்கியது. அதுவரை பொம்மை மாதிரி இருந்தது, திடீரென்று ஒரு பக்கத்து இறகை மட்டும் உதறியது.

பதறிப்போய் மூடினேன். தேனீ பூவின் விளிம்புக்கு ஏறி வந்து, முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓட்டுக்கு மேலாக ஆற்றுப்பக்கம் பறந்து போயிற்று. நான் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அசைஞ்சிருச்சுக்கா."

"அசைஞ்சா அசையட்டுமே. உசுருள்ளது அசையாதா?" என்றார் அக்கா. நான் எழுந்து உறையின் தகட்டைத் திரும்பச் செருகினேன். பஜனைக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டு, காமிராவைச் சுற்றி ஒதுங்கி நடந்து போனார்கள்.

அண்ணன் நம்பிக் கொடுத்த ஒரே தட்டைப் பாழாக்கிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதுமட்டுமில்லை. தட்டு கெட்டதுபோல இன்னொன்றும் கெட்டுவிட்டதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேதத்தில் இருக்கிறவளுக்குச் சகுனம் ஏது என்று என்னையே திட்டிக்கொள்வேன், அடுத்த நிமிஷம் அழுவேன். தட்டை உறையோடு கறுப்புத் துணியில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மா புடவை எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். இப்படி ஒரு மார்கழி அல்ல, மேலும் சில மார்கழிகள் போயின. அக்கா வருஷா வருஷம் பூவைச் செருகுவதற்கு முன்னால் உள்ளே ஊதிப் பார்ப்பார்.

யுத்தம் முடிந்தபிறகு, ஒரு சாயங்காலம், அண்ணன் வந்தார். குதிரை வண்டியிலிருந்து இறங்கியவரை அம்மாவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. காட்டுக் காய்ச்சல் ஆளைப் பாதியாக்கியிருந்தது. இரண்டு கையும் ஓயாமல் நடுங்கின. காப்பித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் தரையில் வைத்துக் குனிந்து குடித்தார். அவர் கையைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில நாள் கழித்து அவரே கேட்டார், "தட்டு எங்க பாப்பா?" என்று. கெட்டுப்போச்சுண்ணே, கடைசியில அசைஞ்சிருச்சு என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பார்ப்போம் என்றார். அடுப்படியை இருட்டாக்கி, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றினோம். அவர் கை ஆடியதால் தட்டை மருந்துத் தண்ணீரில் நான்தான் பிடித்தேன். அவர் சொல்லச் சொல்ல ஆட்டினேன்.

சிவப்பு வெளிச்சத்தில் பூ மெல்ல எழுந்து வந்தது. பிறகு தேனீ. கால், கண், முதுகில் ஒவ்வொரு மகரந்தத் துகள், ரோமத்தில் நின்ற பனி, எல்லாம் ஊசிமுனையாக விழுந்திருந்தது. ஒரு பக்கத்து இறகு மட்டும் தெளிவாக இல்லை. அந்த இடத்தில் லேசாக ஒரு புகை.

நான் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், நடந்ததைச் சொன்னேன். கோலத்தை மிதித்தது, பஜனை நின்றது, ஆமெனுக்கு அப்புறம் அவர் பெயரைச் சொன்னது, அந்த நேரத்தில் இறகு நடுங்கியது, எல்லாவற்றையும்.  அவர் நடுங்குகிற விரலைத் தட்டுக்கு மேல், அந்தப் புகைக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"உசுரோடதான் இருக்கு பாப்பா" என்றார். "இது மட்டும் இல்லேன்னா கோந்து வச்சு ஒட்டுனதுன்னுல்ல சொல்லுவாங்க."

நான் விம்மி விம்மி அழுதேன். அழுதபடியே அந்த நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வந்து சேர்ந்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே அன்றுதான்.

அந்தப் படம் இப்போதும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள், எல்லாம் நன்றாக விழுந்து இந்த இறகு மட்டும் கலங்கிவிட்டதே என்று உச்சுக்கொட்டுவார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் அண்ணன் பெயரை நான் சொன்ன நேரம் விழுந்திருப்பது அந்தக் கலங்கிய இடத்தில்தான், தினமும் விளக்கேற்றும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.