தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம்

2004-ஆம் வருடம். திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ஆசிரமப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். நான் நிறைமாதம். அலுவலகத்தில் பிரசவ விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பொழுது போவதற்கு இருந்தது கணவரின் கம்ப்யூட்டரும் அதில் அவர் ஆடும் ராஜா விளையாட்டும்தான்.

துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு இல்லை அது. சதுரங்கம் மாதிரி, ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர் முறை. ஊர் கட்டலாம், வயல் உழலாம், பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம் என்பதால் என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் வரிசையாகப் படங்கள் இருக்கும். ஒவ்வொரு தலைவருக்கும் இரண்டு குணம். ஒருவருக்குப் போர்க்குணமும் பக்தியும் என்றால், இன்னொருவருக்கு வியாபாரமும் உழைப்பும்.

நான் பார்த்த மாத்திரத்தில் தேர்ந்தெடுத்துவிடுவேன். மீசை நன்றாக இருந்தால் போதும். "குணத்தப் பாக்காம யாராவது மூஞ்சியப் பாத்து எடுப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். சரி, அவராவது சட்டென்று எடுக்கிறாரா? ஒரு மணி நேரம் ஆகும். போர்க்குணம் ஜாஸ்தி இருந்தால் கஜானா கம்மியாகிவிடும், பக்தி இருந்தால் மக்கள் அமைதியாக இருப்பார்கள் என்று எனக்கே பாடம் நடத்துவார். காபி ஆறி ஏடு கட்டிவிடும். இத்தனைக்கும் அப்புறம் அவர் எடுப்பது எப்போதும் அதே ஒரு தலைவரைத்தான்! அந்த ஆளுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே ஒரு ஒற்றன் கிடைப்பான். வரைபடம் முழுக்க இருட்டாகத்தான் இருக்கும். ஒற்றன் நடக்க நடக்க அந்த இடம் வெளிச்சமாகும். நான் ஊர்கள் கட்டிப் படை திரட்டி முடித்திருப்பேன். இவர் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். என் முறை வந்தாலும் மவுசை விடமாட்டார். "யோசிச்சுப் பண்ணு, யோசிச்சுப் பண்ணு" என்று கையைப் பிடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. பிரசவத்துக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கூத்து. இந்த டாக்டருக்குக் கைராசி இருக்கிறது, பொறுமை இல்லை. அந்த டாக்டருக்குப் பொறுமை இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் நானே ஒரு டாக்டரம்மாவை முடிவு செய்தேன். உள்ளே நுழைந்ததும் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

அந்த மருத்துவமனை செங்கம் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெருவில் இருந்தது. உடனே இவர் ஆரம்பித்தார்.

"கார்த்திகை தீபம் வருது. அன்னிக்கு கிரிவலக் கூட்டத்துல ரோட்டத் தாண்டவே முடியாது."

"டாக்டர் சொன்ன தேதி தீபத்துக்கு ரெண்டு வாரம் கழிச்சுங்க."

கேட்கிற ஆளா? சாயங்காலமானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக வழி பார்க்கப் போய்விடுவார். பௌர்ணமியன்று கூட்டம் எப்படி இருக்கிறது என்று வேறு நின்று பார்த்துவிட்டு வந்தார். எந்தச் சந்து எங்கே முட்டுகிறது என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். "நான் புள்ள பெத்துக்கப் போறேனா, படையெடுக்கப் போறேனா?" என்று கத்திவிட்டேன். அதற்கும் அசரவில்லை. பின் தெருவில் இருந்த ஆட்டோக்காரரிடம், தீபத்தன்று எங்கேயும் போய்விட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார். எனக்குத் துணைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அம்மா, "மாப்ள எல்லாத்தையும் விசாரிக்கறாரு. முடிவுதான் எடுக்க மாட்டேங்கறாரு" என்று என் காதோடு சொன்னாள்.

குழந்தை தேதியெல்லாம் பார்க்கவில்லை. தீபத்தன்று சாயங்காலம், அம்மா வாசலில் அகல் விளக்குகளை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவோம். அப்போது எனக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் பார்த்து வைத்த வழி அச்சு பிசகவில்லை. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளின் பின்பக்கமாக ஆட்டோ புகுந்து புறப்பட்டு, மருத்துவமனைத் தெருவுக்கு நேர் எதிரே சாலையோரம் வந்து நின்றது. எல்லாம் சரி. ஆனால் பௌர்ணமிக் கூட்டம் வேறு, தீபக் கூட்டம் வேறு. சாலை முழுக்க ஜனம், இடைவெளியே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. கால் வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கோ வலி இடுப்பைப் பிளந்தது. கொஞ்ச நேரமாகக் குழந்தையின் அசைவும் தெரியவில்லை. வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அந்த நேரத்திலும் இவர் ஆரம்பித்தார் பாருங்கள். கூட்டம் குறையும்வரை நிற்பதா, வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதா? நின்றால் என்ன ஆகும், திரும்பினால் எவ்வளவு நேரமாகும் என்று ஆட்டோக்காரரோடு விவாதம். தலைவர் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே முகம். அந்த மவுசைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

திடீரென்று "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே முழங்கியது. தீபம் ஏற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கணவரும் என்னை மறந்து கும்பிட்டுக்கொண்டு நின்றார். இங்கே நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்களுக்குத் தீபம்! கோபத்தில் தலையைக் குனிந்தவள் அப்போதுதான் சாலையில் இருந்த கால்களைப் பார்த்தேன். ஒரு கால்கூட நகரவில்லை. அத்தனை ஜனமும் மலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"என்னங்க, எல்லாரும் நிக்கறாங்க. இப்ப போனாதான் உண்டு."

அவர் சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசிக்கச் சொல்லவில்லை. "சரி, நீ சொல்லு, எப்டிப் போலாம்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதே இல்லை.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அம்மா முன்னால் போய், "புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க, வழி விடுங்க" என்று கெஞ்சினாள். யாரென்றே தெரியாத ஒரு பெண், மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் பிள்ளையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாள். கும்பிட்ட கைகளோடு ஒரு பெரியவர் ஒதுங்கினார். நின்றிருந்த ஆட்களுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தோம். நாங்கள் எதிர்த் தெருவில் கால் வைத்தபோது, பின்னால் கூட்டம் மறுபடியும் நகரத் தொடங்கும் சத்தம் கேட்டது. மலையை நோக்கித்தான் நடந்தேன், ஆனால் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருடம் அத்தனை ஜனத்தில் தீபம் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. உடனே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

அவர் வழி பார்த்து வைக்காவிட்டால் நான் அந்தச் சாலையோரத்துக்கே போயிருக்க மாட்டேன். என் அவசரம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்போம். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்து என்ன? குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நாட்களில் அவள் குப்புற விழக் கற்றுக்கொண்டாள். போன மாதம் மிக்ஸி வாங்கப் போய், கடை கடையாக ஏறி இறங்கி வெறும் கையோடு திரும்பினோம்.

அந்த விளையாட்டில் ஒரே தலைவருக்கு இரண்டு குணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான் கிடைத்தது. அவர் கடை வாசலில் யோசித்துக்கொண்டு நிற்கும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது, ஆனால் எங்களுக்கு நடுவில், வளர்ந்த பிறகும் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறேன்.