அம்மா சுற்றிய வானொலி

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கப்போகிறேன் என்றதும் அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. செய்தி சேகரிப்பவர்கள் காணாமல் போன யுத்தகாலம் அது.

ஆஸ்பத்திரிக்குப் போக வாவிக்கரையில் தோணிக்குக் காத்திருக்கும் கர்ப்பிணிகளைப் பற்றி நான் தயாரித்த முதல் நிகழ்ச்சி ஒருநாள் மாலை ஒலிபரப்பாக இருந்தது. வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுவர இராணுவம் தடை விதித்திருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலியை இணைத்தோம். பெடலைச் சுற்ற அம்மாவே வந்து உட்கார்ந்தார்.

அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னதும் அம்மாவின் கை நின்றது. வானொலியும் நின்றது.

"சுத்துகா, புள்ளைட கதை போகுது" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"என்ட மகள்ட பேரச் சொன்னாங்க, கேட்டியாகா?" என்றபடி அம்மா மீண்டும் சுற்றினார். நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்தும் அவர் நிறுத்தவில்லை.

இன்றும் வானொலிக் கலையகத்தில் ஒலிபரப்புக்கான சிவப்பு விளக்கு எரியும்போது, அம்மாதான் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டே பேசத் தொடங்குகிறேன்.