ஹப் மேல் சந்தனப் பொட்டு

போன வாரம் ஆனையூர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, பழந்துணி மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு நெட்வொர்க் ஹப் சரிந்து வந்து என் காலில் விழுந்தது. ஹப் என்றால் ஒன்றுமில்லை, நாலைந்து கம்ப்யூட்டர்களின் ஒயர்களை ஒன்றுசேர்க்கும் சோப்பு டப்பா அளவுப் பெட்டி. "பழைய இரும்புக்குப் போட்டுரவா?" என்றாள் மனைவி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். தூசிக்கு அடியில் சந்தனம் இன்னும் மணந்தது. பிரமையோ என்னவோ, போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அது மல்லிகாக்காவின் ஹப். பழங்காநத்தத்தில் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்கும் டிடிபி கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மதுரையின் நல்லது கெட்டது எல்லாம் தன் கடை வழியாகத்தான் போகிறது என்பது அக்காவின் எண்ணம். நான் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு, விளாங்குடியிலிருந்து சைக்கிள் மிதித்துக் கடைகடையாகக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொண்டிருந்தேன். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸ் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. கேட்பவர்களுக்குப் புரியாது என்பதில் இன்னும் கொஞ்சம் பெருமை.

அக்காவிடம் பவர்பிசி என்ற பழைய ரக ஆப்பிள் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மூடிப்போன ஏதோ அச்சகத்திலிருந்து வந்தது. போட்டவுடன் தூசி சூடாகும் வாசம் கிளம்பும். அது வந்தால்தான் அக்காவுக்குக் கடை திறந்த மாதிரி இருக்கும். ஒருநாள் காலை வாசம் வந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை. எனக்கு ஆள் விட்டார்.

போனால், கடையில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தார். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன்கள் இரண்டு பேர், பேச்சியம்மாவின் அண்ணன்மார். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பத்திரிகையில் யார் பெயர் மேலே என்று ஆரம்பித்த சண்டையை அக்காதான் கடையில் வைத்துத் தீர்த்திருந்தார். பெரியவர் பெயர் மேலே, சின்னவர் படம் ஒரு சுற்றுப் பெரிதாக. இருவரும் முதல்நாள் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பத்திரிகை இப்போது எழாத கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"திரும்ப அடிச்சிரலாமேக்கா" என்றேன்.

"அடிக்கிறது பெரிசாடா? அம்புட்டையும் அரை மணி நேரத்துல அடிச்சிருவேன். படம் எம்புட்டுப் பெரிசு, பேரு எம்புட்டு உசரம்னு ரெண்டு பேரையும் மறுபடி ஒத்துக்க வைக்க நீ வருவியா?"

பழைய பிரதியாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய பிரதியை இரு தரப்பும் பார்க்கக் கிழித்துப்போடுவது அந்தக் கடை வழக்கம். "அன்னைக்கு எம் பேரு மேல இருந்துச்சே" என்று பின்னால் யாரும் நீட்டக் கூடாதல்லவா?

பேச்சியம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்கண்ணே ரெண்டு பேரும் சாயங்காலம் வாராக. வாங்கிட்டுப் போயி குலசாமி கோயில்ல வைக்கணும்னு பேச்சு. இன்னைக்கு இல்லைன்னா சேர மாட்டாக. எம்புள்ள ரெண்டு மாமன் மடியிலயும் உக்காரணும்யா." லினக்ஸ் தெரியும் என்று ஏன்தான் ஊரெல்லாம் சொன்னேனோ!

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்றால் அதன் சொருகும் வாயே வேறு. சிடி டிரைவ் எப்போதோ போய்விட்டது. பென்டிரைவிலிருந்து கிளம்ப அதற்குத் தெரியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. அந்தக் கம்ப்யூட்டர் எழும்போது ஒயரில் ஒரு குரல் கொடுக்கும், யாராவது எனக்கு விலாசம் கொடுங்கள் என்று. என் லேப்டாப் பதில் சொல்லி, லினக்ஸையும் அந்த ஒயர் வழியாகவே ஊட்டிவிட வேண்டும். லினக்ஸ் எழுந்தால் டிஸ்க்கைத் திறந்து பத்திரிகையை எடுத்துவிடலாம். மேஜைக்கு அடியில் இருந்த ஹப்பில் இரண்டையும் சொருகினேன்.

வெள்ளைத் திரை வந்தது. கட்டளையைத் தட்டினேன். கோப்பு கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டு, கடைசியில் 'ஓகே' என்று போட்டது. அந்த ஜாதிக் கம்ப்யூட்டரின் குணம் அது. எது விளங்காவிட்டாலும் முடிவில் ஓகே.

"அதான் ஓகேங்குதே, பெறகு என்னடா?" என்றார் அக்கா.

கோப்பின் பெயரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், உட்காரும் ஸ்டூலைக்கூட மாற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகுதான் அது வாங்கியிருந்த விலாசத்தைப் பார்த்தேன். நான் கொடுத்த விலாசமே இல்லை! எனக்கு முன்னால் வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். யார்? ஹப்பில் எந்த ஒயருக்கு உயிர் இருக்கிறது என்று காட்டச் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. குனிந்தால், ஒரு விளக்கும் தெரியவில்லை. ஆயுதபூஜைக்கு அக்கா ஒவ்வொரு விளக்கின் மேலும் அளவெடுத்த மாதிரி சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

"அக்கா, பொட்ட அழிக்கணும்."

"அய்யய்யோ, வேணாம்டா! வச்சதிலிருந்து கடை நல்லா ஓடுது."

பேச்சியம்மா எழுந்து வந்தார். "எம்புள்ள விசேசத்துக்குத்தானக்கா, நான் தொடைக்கிறேன். சாமி ஏசுனா என்னய ஏசட்டும்." முந்தானையில் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். பச்சை விளக்குகள் எட்டிப் பார்த்தன. எங்களுடையவை இரண்டு. மூன்றாவதாக ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், முருகன் படத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் பாண்டி அண்ணனின் பிரவுசிங் சென்டர். அவருடைய மோடம்தான் கேட்டவருக்கெல்லாம் விலாசம் கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுக்க லினக்ஸ்தான் அதனிடம் இல்லை.

"அட, நாந்தேன் அக்காவுக்கு நெட்டு ஓசில குடுத்தேன்" என்று ஓட்டை வழியாகவே குரல் வந்தது. "புடுங்கிக்க மாப்ள."

பிடுங்கினேன். இந்தத் தடவை வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. திரையின் மூலையில் லினக்ஸின் பென்குயின் வந்து உட்கார்ந்தது. "யாருடா இது, வாத்து?" என்று அக்கா கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாண்டி அண்ணன் ஓட்டை வழியாக எனக்கு ஒரு வடையை நீட்டினார்.

டிஸ்க்கிலிருந்து பத்திரிகையை எடுத்து அச்சடித்து முடித்த நேரம், சாயங்காலம் அண்ணன்மார் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் பத்திரிகைக் கட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சம்பளம் வாங்கிச் செய்த எத்தனையோ வேலை மறந்துபோய்விட்டது. இது மறக்கவில்லை. அக்கா, பேச்சியம்மா, பாண்டி அண்ணன் மூன்று பேருக்கும் நான் என்றும் கடமைப்பட்டவன்.

அந்தக் கடை இப்போது இல்லை. சாலை அகலமானபோது சுவரும் ஓட்டையும் போயின. பாண்டி அண்ணன் ஆம்னி பஸ் டிக்கெட் போடுகிறார். அக்கா கடையைக் காலி செய்த அன்று, "நீயே வச்சுக்க" என்று ஹப்பை என் கையில் கொடுத்துவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பத்திரிகை என்றால் இப்போது செல்போனில் வருகிறது, யார் பெயர் மேலே என்று பார்ப்பதற்குள் விரல் தள்ளிவிடுகிறது.

பேச்சியம்மாவின் அண்ணன்மாரில் பெரியவர் காலமான அன்று சின்னவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அஞ்சலி போஸ்டருக்கு அண்ணன் படமும் தம்பி படமும் வேண்டும், இரண்டும் சேர்ந்திருப்பது அந்தக் காதுகுத்துப் பத்திரிகையில் மட்டும்தானாம். நான் அன்று எடுத்து வைத்த கோப்பு என்னிடம் இருந்தது. திரையில் திறந்து காட்டினேன். ஒரு சுற்றுப் பெரிதாக இருந்த தன் படத்தின் மேல் விரல் வைத்தார்.

"எம் படத்தச் சிறுசு பண்ணிரு தம்பி" என்றார். "அண்ணே படம் பெருசா இருக்கட்டும்."