ஏலத்தில் யாரும் வாய் திறக்காத நாள்

இன்று ஆம்பூர் பஸ்ஸில் பஷீர் பாயைப் பார்த்தேன். எண்பதுகளில் தோல் கம்பெனியில் என்னோடு வேலை செய்தவர்.

அப்போது எனக்குக் கிட்னி மாற்ற வேண்டியிருந்தது. கிட்னி கொடுக்க அக்கா தயார். பணம்தான் இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி கம்பெனி ஆட்கள் நடத்திய ஏலச்சீட்டு. சீட்டுத் தொகையில் அதிகம் தள்ளிக் குறைத்துக் கேட்பவருக்கே பணம் என்பதால் மாதாமாதம் முட்டி மோதுவார்கள். அன்று நான் கேட்ட பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் ஏறக்குறைய முழுதாகக் கைக்கு வந்தது.

அதே சீட்டில் இருந்த பாய் தன் மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்த சமயம் அது. அவர் விட்டுக்கொடுத்தது இத்தனை வருடமும் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று சொல்லிவிட்டேன்.

பாய் சிரித்தார். "நான் எங்கேப்பா விட்டுக்கொடுத்தேன்? முந்தின நாளே உன் சம்சாரம் வீடு வீடா வந்துச்சு. நாளைக்கு எவனாச்சும் ஏலம் கேட்டா அவன் வூட்டு வாசல்லயே வந்து குந்திக்குவேன்னு சொல்லிட்டுப் போச்சு. அடுத்த மாசச் சீட்டுல நிக்காஹ் ஜோரா நடந்துச்சு, போ."

மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அவளிடம், "நிஜமா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

மறந்திருந்தேன். பாயைப் போலவே நானும் வாய் திறக்கவில்லை.

நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?