உரையாசிரியர் அக்கா

ஒரு வாக்கியத்தை எழுதி முடித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத பொத்தானைக் காற்றில் அழுத்திப் பார்ப்பார். விரல் தடுமாறினால் வாக்கியம் காலி. மறுபடி முதலிலிருந்து.

நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்கு எங்கள் குழு மென்பொருள் எழுதுகிறது. அதை எப்படி இயக்குவது என்று செவிலியருக்குச் சொல்லும் கையேடு அவருடையது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'உரையாசிரியர்' என்று பெயர், நேரில் அக்கா. இரண்டு வாரத்துக்கொருமுறை மென்பொருளின் புதிய பதிப்பு வரும். அவர் விளக்கி முடித்த திரை மறுநாள் வேறு முகத்தோடு நிற்கும். "ஓடுற பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைப்பா இது" என்பார், சிரிக்காமல்.

வீட்டிலும் அப்படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவர் தெருமுனையிலிருந்து திரும்பி வருவாராம். "பூட்டே அழுதுடும், விடு" என்பாராம் கணவர்.

சென்ற பதிப்பின்போது "ஏதோ தப்பா இருக்கு" என்று எல்லோரையும் நிறுத்திவைத்தார். ஒன்றுமில்லை, அவர்தான் பழைய திரையைப் பார்த்திருந்தார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநாள் ஆயிற்று.

அதனால் இந்த முறை, பதிப்பு வெளியாகும் நாளில், பக்கத்து மேசைச் சோதனையாளனான என்னிடம்தான் முதலில் வந்தார்.

"தம்பி, 'நிறுத்து' அழுத்தினா நிக்குது. ஆனா கொஞ்ச நேரத்துல தானாவே மறுபடி ஏத்த ஆரம்பிக்குது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?"

அழுத்திப் பார்த்தேன். அவருக்கு மட்டுமல்ல.

இருவரும் போய்ச் சொன்னபோது குழுத்தலைவர் நிமிரவே இல்லை. "அது இப்ப தற்காலிகமா நிறுத்துறதுதான்கா. டாக்டருங்க கேட்டாங்க, மாத்தினோம். உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு. கையேட்டை அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். போன தடவையும் புலி வருதுன்னீங்களே!"

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"புலி வரலைன்னா சந்தோஷம்தான். ஆனா நின்னுடுச்சுன்னு நம்பி நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாங்க. அப்படித்தான் நான் எழுதி வெச்சிருக்கேன்."

இப்போது தலைவர் நிமிர்ந்தார். "சரி. திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல."

பொத்தானின் பெயரே 'இடைநிறுத்து' என்று மாறியது. அதற்கான எச்சரிக்கையை அக்கா எழுதினார், அழித்தார், எழுதினார். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

கடைசியில் "ம்" என்றார். வெளியிடும் பொத்தானை அழுத்தத் தலைவர் கையை நீட்டினார். அக்கா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடுகள் அசைய, அந்த ஒரு வரியை இன்னொரு முறை படித்தார். படித்து முடித்த பிறகும் பிடி தளரவில்லை.