மா செலஸ்டினுக்கு வைத்த தட்டு

ஆன்ஸ் மாரி ஊரில் செத்தவர்கள் சும்மா கிடப்பதில்லை. உயிரோடு இருந்தபோது இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட்டவர்கள்கூட, போய்ச் சேர்ந்தபின் யார் கனவிலாவது வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஆட்டுக்கறி வை, சோளக்களி கிண்டு, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடி என்று அதிகாரம் பண்ணுவார்கள். கடிதம் எப்போதாவதுதான் வரும் அந்தக் கடற்கரையில் கனவு மட்டும் தவறாமல் பட்டுவாடா ஆகிவிடும். விடிந்ததும் வேலிக்கு வேலி அதுதான் பேச்சு.

எர்மிந்தாவின் அம்மா மா செலஸ்டின் போனபிறகு இது இரண்டாவது மழைக்காலம். அவளும் ஊர் வழக்கப்படி கனவில் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் மகள் கனவில் அல்ல. பக்கத்து வீட்டு கிளோத்தில்டாவின் கனவில்.

கிளோத்தில்டா கொக்கோக் கோப்பையோடு வேலியருகே வந்து நின்று, "நேத்தும் வந்தாங்கடி உங்கம்மா" என்று ஆரம்பிப்பாள். தன் மஞ்சள் தொப்பியை எலி கடிக்கிறதாம். சேவலை விற்றது தப்பாம். கூரையில் ஒரு தகரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம், கவனிக்க வேண்டுமாம். எர்மிந்தா போய்ப் பார்த்தால் தொப்பியில் நிஜமாகவே பல் பட்டிருக்கும். சேதியெல்லாம் சரிதான். அதை நேரே தன்னிடம் வந்து சொல்ல அம்மாவுக்கு என்ன கேடு என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. நடுவில் இருப்பது ஒரு வேலி. கிளோத்தில்டா வீடு வரை வந்த கால் இன்னும் நாலு எட்டு வைத்தால் தேய்ந்தா போய்விடும்?

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்பாள் எர்மிந்தா, துணி உலர்த்துகிற பாவனையில்.

"உன்னைப் பத்தியா? இல்லையே. தொப்பியைப் பத்தித்தான் பேச்சு."

எர்மிந்தா என்னென்னவோ செய்து பார்த்தாள். பொழுது சாய்ந்ததுமே படுத்தாள், அம்மாவுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கட்டும் என்று. அம்மாவின் தலையணையில் தலை வைத்தாள். அம்மாவின் சுருட்டுப் பெட்டியைக் கால்மாட்டில் திறந்து வைத்தாள். கனவில் வந்ததெல்லாம் மளிகைக் கடைக்காரரும், ஒருமுறை, யாருடையதென்று தெரியாத ஒரு கழுதையும்தான். கழுதை ரொம்ப நேரம் இருந்தது. ஆனால் அம்மாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. இளவயதில் ஒரு கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை அரூபாத் தீவுக்குப் பெட்ரோல் ஆலை வேலைக்குப் போனார், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டார். கடலைப் பார்த்த முன்னறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு எர்மிந்தா ஜீவனம் நடத்தினாள். படகுத்துறையைத் தெற்கு வளைகுடாவுக்கு மாற்றியபிறகு அந்த அறைக்கும் ஆள் வருவது அபூர்வமாகிவிட்டது. வாசல் பலகையில் எழுத்து உப்புக்காற்றில் வெளுத்து, உற்றுப் பார்த்தால்தான் 'அறை' என்பது தெரியும். காலையில் அவள் கை தானாக இரண்டு கோப்பைகளை எடுக்கும். கொக்கோ கொதித்தபிறகுதான் நினைவு வரும். ஒன்றைத் துடைத்துப் பழைய இடத்தில் கவிழ்த்து வைப்பாள்.

அம்மா வராததற்கு அவளிடம் ஒரே காரணம் இருந்தது. உப்பு.

மா செலஸ்டினுக்கு ரத்தக் கொதிப்பு என்று உப்பை நிறுத்தியது டாக்டர். கெட்ட பெயர் எர்மிந்தாவுக்கு. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் போர்தான். கிழவி லேசுப்பட்டவளா? தலையணை உறைக்குள் கருவாட்டுத் துண்டை ஒளித்தாள். சமையலறையைப் பூட்டினால், வெந்த சீமைப்பலாத் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு கடற்கரைக்குப் போய், அலையில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள். அன்று கடல் ஒரு சாண் உள்வாங்கியதை ஊரே பார்த்தது. படகுக்காரன் பாஸ்கோவைக் கேட்டுப் பாருங்கள், அவன் படகு தரைதட்டி நின்றது. பிறகு, கோயில் தீர்த்தத்தில் பாதிரியார் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மந்திரிக்கிறார் என்று தெரியவந்ததும் கிழவிக்குத் திடீரென்று பக்தி முற்றியது. வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டி ஞாயிறுக்கு ஞாயிறு வறண்டது. புனிதரின் அற்புதம் என்று முழங்காலிட்டவர்களும் உண்டு.

எர்மிந்தா எதற்கும் மசியவில்லை. ராத்திரியெல்லாம் முதுகு தேய்த்துவிடுவாள், காலையில் உப்பில்லாத கூழ் கொடுப்பாள். கடைசி நாளன்று கிழவி ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பினாள். "மண்ணு மாதிரி இருக்குடி. ஒரே ஒரு கல்லு போடேன்" என்றாள். எர்மிந்தா போடவில்லை. அடுத்த வாய்க்கு அவசியம் ஏற்படவில்லை.

கோபம் தீர வேண்டுமென்றால் தட்டு வைத்துவிடு என்று யோசனை சொன்னதும் கிளோத்தில்டாதான். ஆன்ஸ் மாரியில் அதுதான் முறை. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, ஒரு கிளாஸ் ரம்மும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, கதவைத் தாழிடாமல் வெளியே வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பொழுது விடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

"முக்கியமானதை மறந்துராதே," என்றாள் கிளோத்தில்டா. "உப்பு ஒரு கல்லுகூட விழக்கூடாது. செத்தவங்களுக்கு உப்பு ஆகாது. வாசலோட திரும்பிருவாங்க."

எர்மிந்தாவுக்கு அது தெரியாதா? அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கோழியைப் பழுப்பு நிறம் வரும்வரை சர்க்கரையில் வதக்கினாள். சோளக்களியைக் கிண்டி உருட்டினாள். பச்சைத் துவரையும் சோறும் சேர்த்து வேகவைத்தாள். எல்லாம் ஆகி, கோழிச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டு நின்றவளுக்குக் கை ஓடவில்லை. இருந்தபோதும் உப்பில்லை, போனபிறகும் உப்பில்லை என்றால் அம்மா எதற்காக வருவாள்? அதே மண் சோற்றையா மறுபடி தின்ன? ஊர் முறை பெரிதுதான். ஆனால் ஊருக்கு மா செலஸ்டினைத் தெரியாது. எர்மிந்தா உப்பு ஜாடியை எடுத்தாள். கோழிக்குப் போட்டாள், களிக்குப் போட்டாள், சோற்றுக்குப் போட்டாள். அளவாகப் போட்டுவிட்டு, இத்தனை வருஷத்துக் கணக்குக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் போட்டாள். கிளோத்தில்டாவிடம் மூச்சு விடவில்லை.

முன்னறையில் தட்டை வைத்து, கதவை ஒருக்களித்துவிட்டு, இருவரும் மாலை ஜெபத்துக்குப் போனார்கள். எர்மிந்தா மட்டும் முன்னதாகத் திரும்பினாள். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. முற்றத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். முன்னறைக்குள் கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அம்மாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு இருமல்.

அவளுக்கு உள்ளே ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முறை தெரிந்தவள் ஆனதால் நின்றாள். கரண்டிச் சத்தம் ஓயும்வரை கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பூனை மாதிரி பின்கட்டுக்குப் போய்ப் படுத்தாள். அன்று அவளுக்குக் கனவு தேவைப்படவில்லை.

விடிந்ததும் கதவிடுக்கில் பார்த்தாள். தட்டு கழுவி வைத்தது போல் இருந்தது. எலும்புகள் ஒரு ஓரமாக அடுக்கி இருந்தன. உள்ளே போகக்கூடத் தோன்றாமல் வேலிக்கு ஓடினாள்.

"வந்தாங்க, கிளோத்தில்டா. வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க."

கிளோத்தில்டா கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். கண் இமைக்கவில்லை. "எனக்குத் தெரியுமே. அங்க சாப்பிட்டுட்டு நேரா என்கிட்டதான் வந்தாங்க. வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்து சொல்றாங்க, 'கோழி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பாரு, இவ இன்னும் மாறலை, எனக்கு இன்னும் உப்பில்லாமலேதான் போடறா'ன்னு."

எர்மிந்தா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கைதான் உப்புப் போட்டது.

அப்போது முன்னறைக் கதவு திறந்தது. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு வயதானவர் வெளியே வந்தார். பார்படோஸ்காரர், பெயர் யார்வுட் என்று சொன்னார். நேற்று மாலை பாஸ்கோ படகில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதோ தெரிகிற வீடுதான், கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். கதவும் திறந்துதான் இருந்தது. மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ரம், சுடச்சுடச் சாப்பாடு. இத்தனை வருஷம் எத்தனையோ ஊர் போயிருக்கிறார், இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லையாம். கொசுவலையை இறக்கிக்கொண்டு படுத்தவர் இப்போதுதான் எழுந்தாராம்.

கிளோத்தில்டா கோப்பையோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எர்மிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உப்பு எப்படி இருந்துது?"

"கொஞ்சம் தூக்கல். எனக்கு அப்படித்தாம்மா வேணும்," என்றார் யார்வுட். "டாக்டர் கூடாதுன்னுட்டார். வீட்டுல என் மக ஒரு கல்லு போடமாட்டா, ராட்சசி. அதுக்காகத்தான் வருஷத்துல ஒரு வாரம் யாருக்கும் தெரியாத ஊரா பாத்து ஓடியாரேன்."

எர்மிந்தா சமையலறைப் படியில் உட்கார்ந்தாள். சாப்பிட்டது இவர். அம்மா இல்லை. அம்மா வந்து சாப்பிட்டிருந்தால் உப்பில்லை என்று சொல்லியிருக்க மாட்டாள். அப்படியானால் கிளோத்தில்டாவின் கனவிலும் வரவில்லை. நேற்று மட்டும்தானா, என்றைக்குமே இல்லையா? கூரைத் தகரம் வேலியிலிருந்தே தெரிகிறது. தொப்பி தொங்குவது ஜன்னலுக்கு நேரே. அம்மா தன்னை ஒதுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த வரைக்கும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாளும் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமாவது இருந்தாள். இனி எந்தப் பக்கம் பார்ப்பது?

யார்வுட் அந்த வாரம் முழுக்கத் தங்கினார். எர்மிந்தா உப்புப் போட்டுச் சமைத்தாள், தட்டு யாருக்கு வைத்தது என்பதைச் சொல்லாமலே விட்டாள். ஒருநாள் மீன் சூப்பை ஊற்றியபடி, "செத்தப்புறம் உங்க மக கனவுல போவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். விசித்திரமான வீட்டுக்காரி என்று நினைத்திருக்கலாம். "அவ கனவுலயா? எதுக்கு? ராத்திரில எனக்காக எத்தனை தடவை எந்திரிக்கிறா தெரியுமா? நான் போனப்புறமாவது தூங்கட்டுமே" என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் சூப் கேட்டார்.

அந்த வாரம் எர்மிந்தா வேலிப் பக்கம் போகவில்லை. பொய்க்காரி முகத்தில் முழிப்பதாவது. ஆனால் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கிளோத்தில்டா தினமும் காலையில் கோப்பையோடு வந்து நின்றாள். யாரும் வராத வேலியில் ஒரு காய்ந்த கொடியைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். கொக்கோ ஆறியபிறகும் குடிக்காமல், மண்ணில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். பிள்ளைகள் மூவரும் டொராண்டோவில். அவள் வீட்டு வாசலிலும் யாரும் ஏறி எர்மிந்தா பார்த்ததில்லை. இங்கே வந்து பேச அவளுக்கென்று சொந்தமாக ஒரு சேதியும் இருந்ததில்லை. செத்தவளிடம் கடன் வாங்கித்தான் பேசியிருக்கிறாள்.

யார்வுட்டைப் பாஸ்கோ ஏற்றிக்கொண்டு போன மறுநாள், எர்மிந்தா முதல் ஆளாக வேலிக்குப் போய் நின்றாள். கிளோத்தில்டா வந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்தாள்.

"நேத்து என் கனவுல அம்மா வந்தாங்க," என்றாள் எர்மிந்தா.

கிளோத்தில்டா நிமிர்ந்தாள். கனவு எப்படி விளைகிறது என்று தெரிந்தவள் அல்லவா, எர்மிந்தாவின் முகத்தை ஆராய்ந்தாள். பிறகு மெல்ல, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"உன்னைப் பத்தித்தான் பேச்சு. 'அந்தக் கிளோத்தில்டா என்ன, எந்நேரமும் வேலிலயே நிக்கிறா, மாடா அவ? வாசல் வழியா வரச் சொல்லு. கோப்பை நம்மகிட்டயே ரெண்டு இருக்கு'ன்னாங்க."

"உங்கம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"வேற யாரு?"

கிளோத்தில்டா வெகுநேரம் கொடியைக் கிள்ளினாள். அன்று வரவில்லை. மறுநாள் வந்தாள், நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாக. எர்மிந்தா இரண்டாவது கோப்பையை எடுத்தாள். கவிழ்த்து வைக்க வேண்டியிருக்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, முட்டி வலியைப் பற்றியும் மாவு விலையைப் பற்றியும் பேசினார்கள். மா செலஸ்டினைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மா செலஸ்டின் யார் கனவிலும் வரவில்லை. தொப்பியை எலி முழுக்கத் தின்று தீர்த்தது. வந்து சொல்ல ஆள் இல்லாததால், எர்மிந்தாவுக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.