நாற்காலியில் உட்கார்ந்திருந்த பைகள்

போன வருஷம் கார்த்திகை மாதம், விட்டு விட்டு மழை பெய்த ஒரு நாளில், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. எழுத்துக் கூட்டி பஸ் பலகை படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். சில இடங்களில் "இத வேணாம் அத்தை" என்றாள். நான் விடவில்லை.

மருமகள் அங்கே பழந்தமிழ் இலக்கியம் படித்தாள். கடற்கரைச் சனங்களைப் பற்றிய பழைய பாட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை கொடுத்தால்தான் பட்டம். அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். அவளுக்கோ எட்டாம் மாதம், மூணு மாசமாக அந்தப் பக்கமே போகவில்லை. "இப்ப முடிக்கலன்னா எப்பவும் இல்ல அத்தை" என்று அவளே சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு பழைய உரைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது. அது அவள் படித்த துறையில் மட்டும்தான் இருந்தது.

"வயித்துல புள்ளைய வெச்சிக்கினு இன்னா காலேஜு?" என்று குப்பத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர்கள் வாயை அடைக்கவே நானும் கூடக் கிளம்பினேன். பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில், மறுபடி பஸ். போய்ச் சேர்வதற்குள் அவள் கால் இரண்டும் வீங்கிவிட்டது.

பல்கலைக்கழகம் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். வாசல் பெரிசு, மரம் பெரிசு, கட்டடம் பெரிசு. இந்தத் துறைப் பிள்ளைகள் படிக்க மட்டும் மாடி மூலையில் ஓர் அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி. ஜெராக்ஸ் மிஷின் கெட்டுப்போய், துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. மின்விசிறி சுற்றியதைவிடக் கத்தியது அதிகம். பீரோ சாவி வைத்திருந்த ஊழியர் வரவே வெகுநேரம் ஆனது. வந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவர், "வெளிய எடுத்துனு போகக் கூடாது. செல்லுல படம் புடிக்கக் கூடாது. இங்கயே உக்காந்து எழுதிக்க. மூணரைக்குப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

உட்காருவதா? எங்கே? நாலு நாற்காலியிலும் நாலு பை உட்கார்ந்திருந்தது. மனுஷர் ஒருத்தர் இல்லை.

"ஒரு பைய எடுத்துக் கீழ வெச்சிட்டு உக்காரவா அத்தை?" என்றாள் மருமகள்.

"இன்னாடி பேசற? அடுத்தவங்க பாடு அது. நாம கை வெக்கறதா?" என்று அதட்டினேன்.

எங்கள் ஏரியில் இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒருத்தர் தன் பாடு வந்த நாளில் கழி நட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாலும் அந்த இடம் அவருடையது. தொட்டால் பஞ்சாயத்து. அந்தப் புத்தியிலேயே வளர்ந்த எனக்கு அந்தப் பைகளும் நட்ட கழியாகத்தான் தெரிந்தன.

அவள் நின்றபடியே மேசை மேல் குனிந்து எழுதினாள். கொஞ்ச நேரம் எழுதுவாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள், மறுபடி குனிவாள். பக்கத்து அறை ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறந்தால் என் படிப்பு தெரிந்துவிடும் என்ற வீம்பு. அந்தப் பைகளை முறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பையில் தொங்கிய கரடி பொம்மை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவளால் முடியவில்லை. வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "போதும் அத்தை, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சாவகாசமாக வந்து அறைக்குள் நுழைந்தாள். விடுவேனா?

"ஏம்மா, உங்க பைக்கு இன்னா காலு வலியா? புள்ளத்தாச்சி நிக்கறா, பை உக்காந்துனுகீது!"

அந்தப் பெண் திகைத்துப் போனாள். "அய்யோ பாட்டி, பையைத் தூக்கிக் கீழ வச்சிட்டு உக்கார வேண்டியதுதான? காலியா இருந்தா மத்த டிபார்ட்மெண்ட்காரங்க மீட்டிங்குன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க. போன நாற்காலி ஒண்ணு திரும்பி வந்ததில்ல. அதான் ரெண்டு மாசமா ஹாஸ்டல்ல கிடக்கிற பழைய பையா பாத்து வச்சிருக்கோம். நம்ம பிள்ளைக யாரு வந்தாலும் உக்காரத்தான்!"

கரடிப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பழைய செய்தித்தாள். பக்கத்து அறையிலிருந்து ஊழியர் எட்டிப் பார்த்து, "என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே ஆயா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? பைகளைக் காவலுக்கு உட்கார வைத்த பிள்ளைகள் மேலா, அப்படி வைக்கும்படி விட்டவர்கள் மேலா, என் மேலேயேவா?

பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது. அந்தப் பெண் ஓடிப்போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். மருமகளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டச் சொன்னார்கள். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு வரியாகப் பங்கு போட்டு எழுதினார்கள். மூணரை தாண்டியும் ஊழியர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றாரே தவிர, பூட்டவில்லை.

கட்டுரையை நாள் தவறாமல் கொடுத்துவிட்டாள். பேத்தியும் பிறந்துவிட்டாள். இருந்தாலும் கேட்கிறேன், அவ்வளவு பழைய பாட்டைப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நாலு நாற்காலிக்கு மேல் போட முடியாதா? அது அவர்கள் பார்க்க வேண்டியது. நான் மாற்றிக்கொண்டது இதுதான்: ஆஸ்பத்திரியோ தாலுகா ஆபீஸோ, ஆளில்லாத நாற்காலியில் ஒரு பை இருந்தால், "இது யாரு பாடு?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் இப்போது எனக்கு மறுவேலை.